மஞ்சள் கொடி டிரைவர் கண்ணில் படுகிறதா, பட்டும் படாததுபோல் போகிறார்களா?

வளைவு130:
அக்கா மகனுக்குப் பத்து வயது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், நான் பார்த்துக்கொண்டிருந்த பழைய ஃபார்முலா 1 குவாலிஃபையிங்கை (ரேஸில் யார் எந்த இடத்தில் இருந்து புறப்படுவது என்று தீர்மானிக்கும் சுற்று) எட்டிப் பார்த்தான். 2019 மெக்சிகோ. கடைசி வளைவில் போட்டாஸ் தடுப்பில் மோதி நிற்கிறார், மஞ்சள் கொடி (முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை) ஆட்டுகிறார்கள். பின்னால் வந்த வெர்ஸ்டாப்பன் கொஞ்சமும் குறைக்காமல் கடந்துபோய்த் தன் நேரத்தை இன்னும் மேம்படுத்துகிறார். "மாமா, அந்தத் துணியை அவர் பார்க்கவே இல்லையா?" என்று கேட்டான்.

பார்த்திருப்பார்டா என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் யோசனை வந்தது. அன்றைக்கு ஸ்டூவர்ட்ஸ் (ரேஸ் நடுவர்கள்) முதலில் விசாரணையே எடுக்கவில்லை. செய்தியாளர் சந்திப்பில் கேட்டபோது, போட்டாஸ் மோதியது தெரியும், வேகத்தைக் குறைக்கவில்லை என்று வெர்ஸ்டாப்பனே வாயைக் கொடுத்தார். பிறகுதான் கூப்பிட்டு விசாரித்து, 3 இடம் பின்னுக்குத் தள்ளி, போலை (முதல் இடத்தில் இருந்து புறப்படுவது) லெக்லெர்க்குக் கொடுத்தார்கள். கூத்து என்னவென்றால், வெர்ஸ்டாப்பனின் முந்தைய லேப்பே போலுக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் பேசாமல் இருந்திருந்தால்? பொதுவாகவே இவர்களுக்குக் கொடி தெரிவதில்லையா, தெரிந்தும் மதிப்பதில்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிட்லேன் பாண்டி:
கணக்குப் போட்டால் பாவமாகத்தான் இருக்கும். 300 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 83 மீட்டர். கொடி 150 மீட்டர் தள்ளித் தெரிகிறது என்று வைத்தாலும் இரண்டு நொடிகூட இல்லை. எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) விதிப்படி மஞ்சள் கொடி குறைந்தது 60க்கு 80 சென்டிமீட்டர். ஒரு தலையணை உறை அளவு. அதைப் பார்த்து, புரிந்துகொண்டு, காலை எடுக்க வேண்டும்.

ஆனால் இப்போது ஃபார்முலா 1இல் துணியை மட்டும் நம்பி யாரும் ஓட்டுவதில்லை. தடத்தோரம் ஒளிப் பலகை, ஸ்டியரிங் டிஸ்ப்ளேயில் விளக்கு, காதில் இன்ஜினியர். தெரியவில்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

போஸ்ட் எண் ஏழு:
பதினோரு வருடம் தடத்தோரம் கொடி காட்டும் மார்ஷலாக நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். சம்பளம் கிடையாது. மதியச் சாப்பாட்டுப் பொட்டலம், ஒரு தொப்பி, சாயங்காலம் கழுத்து முழுக்க வெயில் எரிச்சல்.

டிவியில் தெரியாத ஒரு விஷயம். போஸ்டில் கொடி பிடிக்கும் இருவர் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து நிற்பார்கள். நீலக் கொடிக்காரர் வண்டி வரும் திசையைப் பார்ப்பார், யார் யாரை லேப் எடுக்க (ஒரு முழுச் சுற்று முந்திக் கடக்க) வருகிறார் என்று; பின்தங்கியவர் வழிவிடத்தான் நீலம். மஞ்சள் கொடிக்காரர் வண்டி போகும் திசையைப் பார்ப்பார். விபத்து அந்தப் பக்கம்தானே நடக்கும். அதாவது மஞ்சள் பிடித்தவனுக்கு வண்டியெல்லாம் முதுகுப் பக்கமாக வரும். ஏதாவது பறந்து வந்தால் நீலக்காரன்தான் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். அதனால் கூட்டாளியோடு சண்டை போட்டுக்கொண்டு போஸ்டுக்குப் போகக்கூடாது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள்.

இப்போது கேள்விக்கு. வருகிற டிரைவரின் முகத்தை மஞ்சள்காரன் பார்க்க முடியாது. ஆனால் கொடியை அவர் பார்த்தாரா இல்லையா என்பது காதில் தெரிந்துவிடும். நிஜமாகக் குறைப்பவர் என்றால் இன்ஜின் சத்தம் இறங்கி, இறங்கியபடியே நம்மைக் கடக்கும். அப்படிக் கடப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் கேட்பது ஒரு விக்கல். அரை நொடி காலை எடுத்து, உடனே மிதிப்பார்கள். அந்த விக்கல் எங்களுக்காக இல்லை. பிறகு கூப்பிட்டுக் கேட்டால் டேட்டாவில் காட்டுவதற்கு. ஆக, பாண்டி சொல்வது சரி. கண்ணில் பட்டிருக்கிறது. விக்கினாரே!

நிஜமாகவே பார்க்காதவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் புதுப் பையன்கள். ஒரு கிளப் ரேஸில் மண்ணில் சிக்கிய வண்டியை எங்கள் ஆட்கள் நாலு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் இரட்டை மஞ்சள் (ஒற்றையைவிடப் பெரிய ஆபத்து என்று அர்த்தம்) ஆட்டுகிறேன், கை கழன்றுவிடும்போல. ஒரு பையன் முழு வேகத்தில் போனான், விக்கல்கூட இல்லை. சாயங்காலம் பேடாக்கில் பிடித்துக் கேட்டேன். "எந்தக் கொடிண்ணே?" என்றான். பொய் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. முன்னால் போன வண்டியின் பின்பக்கத்தை மட்டுமே நாள் முழுக்கப் பார்த்திருக்கிறான். அனுபவம் உள்ளவன் அப்படி இல்லை. நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்பதுகூட அவனுக்குத் தெரியும்.

சில்வர்ஸ்டோன் சிவா:
மஞ்சளாவது பரவாயில்லை. கறுப்புக் கொடியையே (உன் ரேஸ் முடிந்தது, வெளியே வா என்பது) பார்க்கவில்லை என்று சொன்ன மகான்கள் இருக்கிறார்கள். 1989 எஸ்டோரில். மான்செல் பிட்டில் (டயர் மாற்ற நிறுத்தும் இடம்) தன் இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, தடையை மீறி ரிவர்ஸ் எடுத்தார். கறுப்புக் கொடி காட்டினார்கள். மூன்று லேப் காட்டியும் வரவில்லை. வராததோடு, சாம்பியன்ஷிப்புக்காகப் போராடிக்கொண்டிருந்த சென்னாவோடு மோதி இருவரும் வெளியே போனார்கள். வெயில் கண்ணில் அடித்ததால் கொடி தெரியவில்லை என்றார் மான்செல். 50,000 டாலர் அபராதம், அடுத்த ரேஸுக்குத் தடை.

1994 சில்வர்ஸ்டோன் (என் பெயர்க் காரணம்). ஃபார்மேஷன் லேப்பில் (ரேஸ் தொடங்கும் முன் வரிசையாகச் சுற்றும் சுற்று) ஷூமாக்கர் ஹில்லைத் தாண்டினார். தண்டனையை அவர் நேரத்துக்கு நிறைவேற்றாததால் கறுப்புக் கொடி. அவரும் சுற்றிக்கொண்டே இருந்தார், அணி அதிகாரிகளோடு வாதாடிக்கொண்டிருந்தது. இரண்டாவதாக முடித்தார். பிறகு அந்தப் புள்ளிகள் பறிபோய், 2 ரேஸ் தடையும் வந்தது.

மான்செலுக்கு வெயில் அடித்திருக்கலாம். ஷூமாக்கர் விஷயத்தில் வெயில் என்று யாரும் சொல்லவில்லை.

பிட்லேன் பாண்டி:
சிவா, எஸ்டோரில் மேட்டரில் மான்செலை நான் பாதி நம்புகிறேன். சென்னாவின் கியர்பாக்ஸுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு போகிறவருக்குப் பிட் சுவரில் காட்டுவது எங்கே தெரியும்?

சில்வர்ஸ்டோன் சிவா:
மூன்று லேப்புமா?

பிட்லேன் பாண்டி:
...சரி, கால்வாசி நம்புகிறேன்.

கோவைக்காரன்:
நீலக் கொடியையும் கொஞ்சம் கவனியுங்கள். அதில் வாங்கிக் கட்டிக்கொண்டது நம்ம ஊர் ஆள். 2012 மலேசியா. ஈரத்தடம் காய்ந்துவரும் நேரம், நரேன் கார்த்திகேயன் எச்ஆர்டி அணி வண்டியை ஓட்டுகிறார். வெட்டல் லேப் எடுத்துத் தாண்டும்போது நரேனின் முன்னிறக்கை உரசி வெட்டலின் பின் டயர் போச்சு. வெட்டல் விரலைக் காட்டினார், அப்புறம் டிவியில் வெள்ளரிக்காய் என்று திட்டினார் (ஜெர்மன்காரர்களுக்கு அது வசவாம்). தண்டனை நரேனுக்கு, 20 நொடி.

நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். நரேன் கொடியைப் பார்க்காமல் இல்லை. வழியும் விட்டார். ஓரம் ஈரமாக இருக்கும்போது கடைசி இடத்தில் தடுமாறும் வண்டி எவ்வளவுதான் ஒதுங்கும்? கொடியைப் பார்ப்பது ஒன்று, கீழ்ப்படிவதற்கு இடம் இருப்பது வேறொன்று.

போஸ்ட் எண் ஏழு:
கோவைத் தம்பி, ஊர்ப்பாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. ஆனால் கடைசி வரி சரி.

மழைடயர்:
இந்த இழையில் சுசூகாவைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். நானே எழுதுகிறேன்.

2014 அக்டோபர் 5. மழை, மாலை வெளிச்சம் மங்கும் நேரம். டன்லப் வளைவில் சூட்டிலின் சாபர் சறுக்கித் தடுப்பில் மோதியது. இரட்டை மஞ்சள் ஆட்டினார்கள். வண்டியைத் தூக்க டிராக்டர் தடத்துக்கு வெளியே, சறுக்கு மண்டலத்துக்குள் வந்தது. அடுத்த லேப் அதே இடத்தில் ஜூல்ஸ் பியாங்கி கட்டுப்பாட்டை இழந்தார். இழந்தபோது வேகம் 213 கிலோமீட்டர். டிராக்டரில் மோதியபோது 126. ஒன்பது மாதம் நினைவு திரும்பாமலே கிடந்து 2015 ஜூலை 17 அன்று போனார். வயது 25.

எஃப்ஐஏ குழு விசாரித்து, கட்டுப்பாட்டை இழக்காமல் இருக்கும் அளவுக்கு அவர் வேகத்தைக் குறைக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தது. அந்த வரியைப் படித்துப் பலர் கொதித்தார்கள். செத்தவன் மேல் பழி போடுகிறார்கள் என்று. நானும் கொதித்தேன். பல வருடம் கழித்து அதே அறிக்கையின் பரிந்துரையை மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. இரட்டை மஞ்சள் பகுதிக்கு வேக வரம்பு வேண்டும் என்று அதே குழுதான் கேட்டது. அதாவது அதுவரை வரம்பே இல்லை!

விதியில் இருந்தது இவ்வளவுதான்: இரட்டை மஞ்சள் என்றால் வேகத்தைக் கணிசமாகக் குறை, திசை மாற்றவோ நிற்கவோ தயாராக இரு. கணிசமாக என்றால் எவ்வளவு? பத்தா, நூறா? ஒவ்வொருவரும் மனதுக்குள் பக்கத்து வண்டியைக் கணக்குப் போடுவார்கள். நான் 40 குறைத்து அவன் 20 குறைத்தால் எனக்குத்தான் நஷ்டம். கொடி தெரியாமலா? நன்றாகத் தெரியும். அது சொல்லும் வார்த்தைக்கு எண் இல்லை, அதனால் ஆளுக்கொரு எண் வைத்துக்கொண்டார்கள். மார்ஷல் சார் சொன்ன விக்கல் அதுதான்.

அந்த விபத்துக்குப் பிறகுதான் வர்ச்சுவல் சேஃப்டி கார் (தடத்தில் வண்டி எதுவும் விடாமலே எல்லாரையும் மெதுவாக்கும் முறை) வந்தது. 2014 கடைசியில் ஒத்திகை, 2015 முதல் விதி. ஒவ்வொரு சிறு பகுதியிலும் குறிப்பிட்ட நேரத்துக்கு முன்னால் கடக்கக்கூடாது. டிஸ்ப்ளேயில் கூட்டல் கழித்தல் ஓடிக்கொண்டே இருக்கும். எண் கொடுத்ததும் இதே டிரைவர்கள் அதைப் பத்தில் ஒரு நொடி துல்லியத்தில் கடைப்பிடிக்கிறார்கள். கீழ்ப்படியத் தெரியாத கூட்டம் இல்லை இது.

வளைவு130:
மழைடயர், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. ஒரு சந்தேகம். 2022இல் அதே சுசூகாவில் மறுபடி டிராக்டர் வந்ததே, காஸ்லி கத்தினாரே, அதில் எண் இருந்ததே?

மழைடயர்:
இருந்தது. முதல் லேப்பில் சைன்ஸ் மோதி, சேஃப்டி கார் (எல்லாரையும் பின்னால் மெதுவாக வரவைக்கும் வண்டி) ஓடிக்கொண்டிருக்கும்போதே டிராக்டரைத் தடத்துக்குள் விட்டார்கள். பிட்டுக்குப் போய்விட்டு வந்த காஸ்லி வரிசையைப் பிடிக்க விரட்டிக்கொண்டு வந்தார், கொட்டும் மழையில் அதன் பக்கத்தில் கடந்தார். அவர் கத்தியது நியாயம். பியாங்கிக்கு நடந்தது எல்லாருக்கும் நினைவிருந்தது.

ஆனால் அதற்குப் பிறகு சிவப்புக் கொடி (ரேஸை நிறுத்து என்பது) வந்தும் அவர் பல இடங்களில் 200ஐத் தாண்டினார், ஓரிடத்தில் 251. அதற்காக 20 நொடி தண்டனை. தப்பு செய்தவர்கள் இரு பக்கமும் இருந்த நாள் அது. ஒருவரை மட்டும் குற்றவாளி ஆக்கச் சொன்னால் என்னால் முடியாது, டிராக்டரை உள்ளே விட்டவர்கள்தான் முதலில்.

கதவோர இருக்கை:
டிரைவர்களை மட்டும் திட்டிக்கொண்டு போகாதீர்கள். நிஜமாகவே கண்ணில் படாத இடத்தில் அறிவிப்பை வைத்துவிட்டுத் தண்டிப்பதும் நடக்கிறது. 2020 மோன்சா. மாக்னுசனின் வண்டி பிட் நுழைவுக்குப் பக்கத்தில் நின்றதால் பிட்டை மூடினார்கள். மூடியதற்கான ஒளிப் பலகைகள் பரபோலிகாவில், தடத்தின் இடப்பக்கம். அது வலப்பக்கம் திரும்பும் வளைவு. பிட் நுழைவும் வலப்பக்கம். அங்கே எந்த டிரைவர் இடப்பக்கம் பார்ப்பார்? ஹாமில்டன் உள்ளே போனார், ஜியோவினாட்ஸியும் போனார். இருவருக்கும் 10 நொடி ஸ்டாப் அண்டு கோ (பிட்டில் அத்தனை நொடி சும்மா நின்றுவிட்டுப் போக வேண்டும்). முன்னணியில் இருந்த ஹாமில்டன் கடைசிக்குப் போய் ஏழாவதாக முடித்தார், காஸ்லி ஜெயித்தார்.

2021 கத்தார் குவாலிஃபையிங்கும் அப்படித்தான். காஸ்லி டயர் கிழிந்து நேர்கோட்டில் நிற்கிறார். மார்ஷல் கையால் கொடி ஆட்டுகிறார், ஒளிப் பலகை எரியவில்லை. வெர்ஸ்டாப்பனுக்கு 5 இடம், ஒற்றை மஞ்சளில் போன போட்டாஸுக்கு 3 இடம். ரெட்புல் அணியின் அப்போதைய தலைவர் ஹார்னர் டிவியில் அந்த மார்ஷலைத் தன்னிச்சையாகக் கொடியைத் தூக்கியவர் என்ற மாதிரி பேசி, அதற்கு எச்சரிக்கை வாங்கினார்.

போஸ்ட் எண் ஏழு:
மோன்சாவை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பலகையை வைத்தவர் ஒருநாள் வண்டியில் உட்கார்ந்து போய்ப் பார்த்திருக்கலாம்.

கத்தாரை ஒப்புக்கொள்ளமாட்டேன். முன்னால் வண்டி மூன்று சக்கரத்தில் நிற்கிறது, போஸ்டில் நிற்கிறவன் யாரிடமும் உத்தரவு கேட்காமல் கொடியைத் தூக்க வேண்டும். அதற்குத்தான் அவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். பலகை பிறகு எரியும், ரேடியோ அதற்கும் பிறகு. விளக்கு வந்ததில் இருந்து ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. டிஸ்ப்ளேயில் எரிந்தால்தான் கொடி என்று நினைக்கிறார்கள். துணியைப் பிடித்திருப்பவன் தடுப்புக்குப் பின்னால் நிற்கிற மனிதன். 2000இல் மோன்சாவில் பாவ்லோ ஜிஸ்லிம்பெர்ட்டி, 2001இல் மெல்போர்னில் கிரஹாம் பெவரிட்ஜ். இருவரும் எங்களைப் போல நின்றவர்கள், பறந்து வந்த சக்கரத்தில் போனவர்கள்.

மன்னிக்கவும், கொஞ்சம் சூடாகிவிட்டேன்.

கதவோர இருக்கை:
இல்லை சார், நீங்கள் சொன்னதுதான் சரி. ஹார்னரை நான் ஆதரிக்கவில்லை.

சார்லட் வாசி:
நான் இருக்கும் ஊர் நாஸ்கார் (அமெரிக்கக் கார் பந்தயத் தொடர்) கோயில் மாதிரி. மழைடயர் சொன்ன எண் விஷயத்துக்கு இங்கே இன்னொரு உதாரணம். 2003 வரை நாஸ்காரில் மஞ்சள் கொடி விழுந்தாலும் தொடக்கக் கோட்டைக் கடக்கும்வரை ரேஸ் நடந்துகொண்டிருக்கும். யார் முதலில் கோட்டைத் தொடுகிறாரோ அந்த வரிசைதான் செல்லும். விளைவு? எங்கோ வண்டி மோதிக் கிடக்கும், மற்றவர்கள் கொடியைப் பார்த்ததும் இன்னும் வேகமாக மிதிப்பார்கள்! கொடி தெரியாமல் இல்லை, கொடி தெரிந்ததால்தான் விரட்டினார்கள்.

விரட்டாமல் விட்டுக்கொடுப்பதுதான் மரியாதை என்று டிரைவர்களுக்குள் ஒரு வாய்மொழி ஒப்பந்தம் இருந்தது. அது எவ்வளவு நாள் தாங்கும்? 2003 செப்டம்பரில் நியூஹாம்ப்ஷயரில் டேல் ஜாரட்டின் வண்டி மோதித் தடத்தின் நடுவில் நின்றுவிட்டது, கோட்டை நோக்கிப் பாய்ந்து வந்த வண்டிகள் அவரை மயிரிழையில் தாண்டிப் போயின. அடுத்த வாரமே விதியை மாற்றினார்கள். கொடி வந்த நொடியில் வரிசை உறைந்துவிடும். அத்தோடு அந்தப் பாய்ச்சல் நின்றது. டிரைவர்கள் அதே ஆட்கள்தான்.

ஏகே தம்பி:
அண்ணன்களே, நான் இந்த விளையாட்டுக்கே புதுசு. 2025 ஜனவரி துபாய் 24 மணிநேர ரேஸ்தான் முதலில் முழுசாகப் பார்த்தது, காரணம் சொல்லத் தேவையில்லை. அஜித் அணி 991 பிரிவில் மூன்றாவது வந்தபோது வீட்டில் ஒரே சத்தம். அதில் ஊதா நிறத்தில் ஒரு கொடி காட்டினார்கள், எல்லா வண்டியும் ஊர்வலம் மாதிரி ஆகிவிட்டது. அது என்ன?

பிட்லேன் பாண்டி:
வா தம்பி. அதுதான் கோட் 60. கொடி வந்தால் தடம் முழுக்க எல்லாரும் 60 கிலோமீட்டர். விவாதமே கிடையாது. கணிசமாக என்ற வார்த்தைக்கே இடமில்லை. நூர்பர்க்ரிங்கில் இன்னும் விவரமாக வைத்திருக்கிறார்கள். இரட்டை மஞ்சள் என்றால் 120, கோட் 60 என்றால் 60. மீறினால் ஜிபிஎஸ் காட்டிக்கொடுக்கும்.

ஏகே தம்பி:
அப்போ ஃபார்முலா 1இலும் அப்படியே 60 வைத்துவிட வேண்டியதுதானே?

பிட்லேன் பாண்டி:
60இல் ஃபார்முலா 1 டயர் ஆறிப்போய்விடும், பிடிப்பு போய்விடும். அதனால்தான் வேகத்துக்குப் பதில் நேரத்தை வைத்துக் கட்டுகிறார்கள்.

சில்வர்ஸ்டோன் சிவா:
குவாலிஃபையிங்கில் இருந்த ஓட்டை எப்படி அடைபட்டது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். 2016 ஹங்கேரி. அலோன்சோ சுழன்று நிற்க, இரட்டை மஞ்சள். ஹாமில்டன் லேப்பையே கைவிட்டார். ரோஸ்பெர்க் ஒரு வளைவில் கொஞ்சம் குறைத்துவிட்டு மற்ற இடங்களில் சேர்த்துப் பிடித்துப் போல் எடுத்தார். விக்கினார், போதும் என்றுவிட்டார்கள் ஸ்டூவர்ட்ஸ். அதன் பிறகு ரேஸ் டைரக்டர் சார்லி வைட்டிங், குவாலிஃபையிங்கில் இரட்டை மஞ்சள் என்றால் சிவப்பே காட்டிவிடலாம் என்று போனார். பிறகு இரட்டை மஞ்சள் பகுதியைக் கடந்த லேப்பின் நேரத்தையே நீக்கும் பழக்கமும் வந்தது. லேப்பே செல்லாது என்றால் யார் மிதிப்பார்கள்?

வளைவு130:
அப்படியானால் இப்போது எல்லாம் சரியாகிவிட்டதா?

கதவோர இருக்கை:
எங்கே? 2025 மொனாக்கோ பயிற்சியில் சிவப்புக் கொடி வந்த பிறகு பேர்மன் சைன்ஸைத் தாண்டினார். 10 இடம் தண்டனை. டிஸ்ப்ளேயில் சிவப்பைப் பார்த்தேன், அந்த இடத்தில் திடீரென்று பிரேக் பிடிப்பதுதான் ஆபத்து என்று நினைத்தேன் என்பது அவர் வாதம். அதே வருடம் சில்வர்ஸ்டோன் பயிற்சியில், சிவப்புக் கொடியில் பிட்டுக்குத் திரும்பும்போது வேகமாக வந்து நுழைவில் சுவரில் மோதினார். மறுபடி 10 இடம். கொடி தெரிந்தது, மூளை மட்டும் இன்னும் ரேஸிலேயே இருந்தது.

போஸ்ட் எண் ஏழு:
வளைவு தம்பி, மருமகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: பார்த்தார், ஆனால் பார்த்ததற்கு அன்றைக்கு விலை குறைவாக இருந்தது. பத்து வயதுக்குப் புரியும்.

வளைவு130:
சொன்னேன் சார். "அப்போ அவருக்கு வீட்டுப்பாடம் கொடுக்கணும்" என்றான். இன்னொன்றும் கேட்கிறான், அந்தக் கொடி ஆட்டும் மாமா வேலைக்கு எப்படிச் சேருவது என்று.

போஸ்ட் எண் ஏழு:
வயது வரட்டும், கிளப் ரேஸுக்கு முன்னால் பயிற்சி வகுப்பு நடத்துவார்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை. சட்டை என்ன நிறமானாலும் சரி, மஞ்சளும் சிவப்பும் மட்டும் வேண்டாம். தூரத்தில் வருகிறவன் கொடி என்று நினைத்துக் காலை எடுத்துவிடுவான்.

பிட்லேன் பாண்டி:
எடுப்பான் என்கிறீர்களா சார்?

போஸ்ட் எண் ஏழு:
விக்குவான்.